போர்டு சாகவில்லை, மறந்துவிட்டது

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. சனி, ஞாயிறு முடிந்து ஆபீசுக்கு வந்தவர்கள் வழக்கம்போல் கம்ப்யூட்டரை ஆன் செய்தார்கள். விண்டோஸ் 98 வந்தது. வேலையை ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே உறைந்து நின்றது. விண்டோஸ் உறைவது அந்தக் காலத்தில் தினசரி நடக்கும் சமாச்சாரம்தானே! யாரும் பயப்படவில்லை. ரீசெட் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை.

பவர் விளக்கு எரிகிறது. ஃபேன் சுற்றுகிறது. ஹார்டு டிஸ்க் சுழலும் சத்தம் கூடக் கேட்கிறது. திரை மட்டும் கறுப்பு. ஆன் செய்தவுடன் வரும் அந்த ஒற்றை 'பீப்' சத்தமும் இல்லை. ராம் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார்கள். மானிட்டரை மாற்றிப் பார்த்தார்கள். பேட்டரியைக் கழற்றிப் போட்டார்கள். எதற்கும் அசையவில்லை. கடைசியில் சர்வீஸுக்குக் கொண்டு போனால் பெரும்பாலும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "மதர்போர்டு போச்சு. புதுசு போட்டுக்கோங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், மதர்போர்டு போகவே இல்லை. அதில் எதுவும் எரியவில்லை. எந்த இணைப்பும் அறுந்து போகவில்லை. பிராசசர் நன்றாக இருந்தது, ராம் நன்றாக இருந்தது. ஒரே ஒரு சிப்பில் எழுதி வைத்திருந்த எழுத்து மட்டும் கெட்டுப்போயிருந்தது. அந்தக் காலத்துப் பல போர்டுகளில் அதன் மொத்த அளவே 128 கிலோபைட்தான். ஒரு ஃபிளாப்பியில் பதினோரு பிரதி எடுத்து வைக்கலாம்! அந்த அளவு எழுத்து கெட்டதற்கு ஒரு முழு போர்டு குப்பைக்குப் போனது.

இது எப்படி நடந்தது, அதை எப்படிச் சரி செய்தார்கள், செய்ய முடிந்தும் ஏன் பலர் செய்யவில்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கம்ப்யூட்டரின் முதல் வரி

பிராசசர் பெரிய அறிவாளி என்று எல்லோரும் நினைக்கிறோம். கரண்ட் வந்த அந்த நொடியில் அதற்கு ஒன்றுமே தெரியாது. விண்டோஸ் என்று ஒன்று இருப்பது தெரியாது. ஹார்டு டிஸ்க் இருப்பது தெரியாது. ராம் எவ்வளவு என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. 386 முதல் வந்த இன்டெல் வகை பிராசசர்கள் எல்லாமே 4 ஜிபி முகவரிப் பரப்பின் கடைசி விளிம்பில், முடிவதற்கு 16 பைட் முன்னால் போய் நிற்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவை படிக்கும் முதல் கட்டளை.

அந்த முகவரியில் உட்கார்ந்திருப்பதுதான் பயாஸ் சிப். ராமை எழுப்புவது, திரைக்கு உயிர் கொடுப்பது, கீபோர்டு இருக்கிறதா என்று பார்ப்பது, டிஸ்க்கைத் தேடிப் பிடிப்பது, அதன் முதல் பகுதியைப் படித்து "இனி நீ பார்த்துக்கொள்" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைப்பது, எல்லாமே அந்தச் சின்ன நிரலின் வேலை.

சரி, அந்த சிப் காலியாக இருந்தால்? பிராசசர் அதே முகவரிக்குப் போகும், அர்த்தமில்லாத எதையோ படிக்கும், அங்கேயே நின்றுவிடும். 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று ஒரு பீப் அடித்துச் சொல்லவும் அதனால் முடியாது. ஏனென்றால் பீப் அடிப்பதே பயாஸ்தான்! ராம் கெட்டால் பயாஸ் சொல்லும். கிராஃபிக்ஸ் கார்டு கெட்டால் பயாஸ் சொல்லும். பயாஸே கெட்டால் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் சின்ன வியாதி செத்த பிணம் மாதிரித் தெரிந்தது.

விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் இதை வைத்தே ஒரு சோதனை செய்வார்கள். ராமை முழுவதும் கழற்றிவிட்டு ஆன் செய்வார்கள். பயாஸ் உயிரோடு இருந்தால் 'ராமைக் காணோம்' என்று பீப் அடித்துக் கத்தும். அப்போதும் அமைதியாக இருந்தால் பவர் சப்ளையையும் பிராசசரையும் வேறொன்று போட்டுப் பார்ப்பார்கள். அவையும் சரி என்றால் சந்தேகம் பயாஸ் மேல் விழும். கரண்ட் போனால் தேதியும் செட்டிங்கும் மறந்து போவது வேறு விஷயம். அது வட்ட பேட்டரி தீர்ந்ததால் வருவது. பேட்டரி மாற்றினால் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பூட்டில்லாத கதவு

பயாஸ் என்பது அழிக்க முடியாத சிப்பில்தானே இருக்கும், அது எப்படி அழிந்தது? நல்ல கேள்வி.

ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு ஈப்ராம் என்ற வகை வந்தது. அதன் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அழிக்க வேண்டுமென்றால் சிப்பைக் கழற்றி, அந்த ஜன்னல் வழியாகப் புறஊதா ஒளியைப் பல நிமிடங்கள் காட்ட வேண்டும். அதனால் அந்த ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வைரஸ் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஸ்டிக்கரைக் கிழித்து விளக்கு அடிக்க முடியாதே!

அடுத்து ஃபிளாஷ் மெமரி வந்தது. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்கா கண்டுபிடித்து 1984-ல் உலகத்துக்கு அறிவித்தது. போர்டிலேயே வைத்துக்கொண்டு, கரண்ட் மூலமாகவே அழித்து எழுதலாம். தொண்ணூறுகளில் மதர்போர்டுகள் இதற்கு மாறின. புதிய பிராசசர் வந்தால் ஃபிளாப்பியில் ஒரு ஃபைலைக் கொண்டு வந்து பயாஸைப் புதுப்பித்துவிடலாம். நல்ல வசதி.

ஆரம்பகால ஃபிளாஷ் சிப்புகளுக்கு எழுதும்போது தனியாக 12 வோல்ட் கொடுக்க வேண்டியிருந்தது. பல போர்டுகளில் அதற்கு ஒரு ஜம்பர் இருக்கும். பெட்டியைத் திறந்து கையால் மாற்றினால்தான் எழுத முடியும். பிறகு 5 வோல்ட்டிலேயே எழுதும் சிப்புகள் வந்தன. ஜம்பரே இல்லாத போர்டுகளும் வந்தன. ஜம்பர் இருந்த இடங்களிலும் அது பல நேரம் 'எழுதலாம்' என்ற பக்கமே இருந்தது. வாங்கியவருக்குத் தொல்லை வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான்.

அந்தத் திறந்த கதவு வழியாக உள்ளே போனவர் சென் யிங்-ஹாவ். தைவானில் தாதுங் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு மாணவர். ஆன்ட்டி வைரஸ் கம்பெனிகள் 'எங்களால் எல்லாவற்றையும் பிடிக்க முடியும்' என்று அளப்பதைப் பார்த்து, அதைப் பொய்யாக்கவே எழுதியதாகச் சொன்னார். அவர் பெயரின் முதல் எழுத்துகளை வைத்துத்தான் வைரஸுக்கு சிஐஎச் என்று பெயர். வெடிக்கும் தேதி ஏப்ரல் 26. 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்ததும் அதே தேதி என்பதால் 'செர்னோபில் வைரஸ்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

மொத்த வைரஸும் சுமார் 1 கிலோபைட்தான். விண்டோஸ் 95, 98 நிரல்களின் ஃபைலுக்குள் அங்கங்கே காலியாகக் கிடக்கும் இடைவெளிகளில் தன்னைத் துண்டு துண்டாக ஒளித்துக்கொள்ளும். அதனால் ஃபைலின் அளவு ஒரு பைட் கூடக் கூடாது! 1999 மார்ச்சில் ஐபிஎம் கம்பெனியின் சில அப்டிவா கம்ப்யூட்டர்கள் பெட்டி பிரிக்காமல் வரும்போதே இந்த வைரஸோடு வந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி வந்ததும் இரண்டு வேலை செய்தது. ஒன்று, ஹார்டு டிஸ்க்கின் முதல் 1 மெகாபைட்டை அழித்தது. இரண்டு, பயாஸ் சிப்பில் குப்பையை எழுதப் பார்த்தது. இரண்டாவது வேலை எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. முக்கியமாக இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் உள்ள போர்டுகளில் பலித்தது. விண்டோஸ் என்டி ஓடிய மெஷின்களில் வைரஸின் பாச்சா பலிக்கவில்லை. சிப்பில் எழுதுவதை ஜம்பரால் தடுத்து வைத்திருந்த போர்டுகளில் பயாஸ் தப்பித்தது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி!

உயிரோடு இருப்பவனிடம் கடன்

இப்போது ரிப்பேருக்கு வருவோம். எழுத்து கெட்டுவிட்டது, திரும்ப எழுதினால் சரியாகிவிடும். ஆனால் எழுதும் நிரலை ஓட்டக் கம்ப்யூட்டர் ஆன் ஆக வேண்டும். ஆன் ஆக பயாஸ் வேண்டும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி.

நேர்வழி ஒன்று உண்டு. சிப்பைக் கழற்றி, ஈப்ராம் புரோகிராமர் என்ற கருவியில் வைத்து, போர்டு தயாரிப்பாளர் கொடுத்த ஃபைலை எழுதி, திரும்ப மாட்டுவது. ஆனால் அந்தக் கருவி அன்று எல்லோரிடமும் இருந்ததில்லை. அது இல்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி கேட்கவே கொஞ்சம் பயமாக இருக்கும்.

அதே மாடல் போர்டு, இல்லையென்றால் அதே வகை சிப்பை ஏற்கும் வேறொரு நல்ல போர்டு வேண்டும். அதில் உள்ள பயாஸ் சிப்பை முதலில் மெதுவாக நெம்பி எடுத்து, ரொம்ப அழுத்தாமல் திரும்ப வைக்க வேண்டும். பிறகு அந்தக் கம்ப்யூட்டரை ஒரு டாஸ் ஃபிளாப்பியில் ஆன் செய்ய வேண்டும். ஏ பிராம்ப்ட் வந்ததும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த நல்ல சிப்பைப் பிடுங்க வேண்டும்!

கம்ப்யூட்டர் நிற்காது. ஏனென்றால் ஆன் ஆகும்போதே பயாஸ் தன் நிரலை ராமுக்குள் ஒரு பிரதி எடுத்துக்கொண்டிருக்கும். ராமில் இருந்து படிப்பது வேகம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. டாஸ் வந்தபிறகு சிப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்காலியை இழுத்துவிட்டாலும் உட்கார்ந்த ஆள் விழாமல் நிற்பது மாதிரி.

காலியான சாக்கெட்டில் கெட்ட சிப்பை வைக்க வேண்டும். இங்கேதான் கை நடுங்கும். 32 கால்கள். ஒரு முனையில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்க வேண்டும். திருப்பி வைத்தால் சிப் சூடாகிச் செத்துவிடும். ஸ்க்ரூடிரைவர் முனை நழுவிப் பக்கத்துக் கம்பியைத் தொட்டால் போர்டும் சேர்ந்து போய்விடும். சரியாக உட்கார்ந்தபின் ஃபிளாஷ் செய்யும் நிரலை ஓட்டி, பூட் பிளாக் உட்பட முழுவதையும் எழுதச் சொல்ல வேண்டும். பூட் பிளாக் என்பது சிப்பின் அடித்தளப் பகுதி. வழக்கமான அப்டேட்டில் அதைத் தொடாமல் விடுவார்கள். இங்கே அதை விட்டுவிட்டால் மற்றதை எழுதியும் பிரயோஜனம் இல்லாமல் போகலாம். எழுதி முடித்துச் சரிபார்த்து, ஆஃப் செய்து, இரண்டு சிப்பையும் அதனதன் இடத்தில் மாட்ட வேண்டும். செத்துப்போனதாகச் சொன்ன போர்டு 'பீப்' என்று ஒரு குரல் கொடுக்கும்.

இதில் ஒரு ஆளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்த நல்ல போர்டுக்குச் சொந்தக்காரர்! அவர் கம்ப்யூட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை. நண்பனுடைய போர்டுக்காகத் தன்னுடையதைத் திறந்து, ஓடும்போதே அதன் சிப்பைப் பிடுங்கச் சம்மதிக்கிறார். கை நழுவினால் ஒன்றுக்கு இரண்டு பிணம். லாபம் ஒருவருக்கு, ரிஸ்க் இன்னொருவருக்கு. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இதற்குப் பத்தி கிடையாது. ஆனாலும் பலர் சம்மதித்தார்கள். அப்படிப் பிழைத்த போர்டுகள் நிறைய.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்டு எழுந்த சந்தோஷத்தில் உடனே டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸ் ஏற்றியவர்கள், காப்பாற்றியிருக்கக்கூடியதைத் தாங்களே அழித்துவிட்டார்கள். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்கும் அட்டவணையை ஃபேட்32 முறை இரண்டு பிரதி வைத்திருக்கும். டிஸ்க் ஓரளவு பெரியதாக இருந்தால் இரண்டாம் பிரதி முதல் 1 மெகாபைட்டுக்கு அப்பால் இருக்கும். வைரஸ் அதைத் தொட்டிருக்காது. அதை வைத்து டிஸ்க்கை மீட்க ஸ்டீவ் கிப்சன் 'ஃபிக்ஸ்-சிஐஎச்' என்ற நிரலை இலவசமாகவே வெளியிட்டார். போர்டைக் கடையில் வாங்கலாம். அதில் இருந்த பத்து வருஷக் கணக்கு வழக்கை எந்தக் கடையில் வாங்குவது?

யார் தலையில் செலவு?

தென் கொரியாவும் துருக்கியும் அன்று அதிகம் அடி வாங்கிய நாடுகள். ஆனால் நடந்த கூத்தைக் கேளுங்கள். தைவானில் போலீஸ் சென்னைக் கண்டுபிடித்து விசாரித்தது. அவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அப்போது பாதிக்கப்பட்டவர் யாரும் முன்வந்து புகார் கொடுக்கவில்லை. புகார் இல்லாததால் வழக்கும் இல்லை. கணினிக் குற்றங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று தைவான் விழித்துக்கொள்ள இந்தச் சம்பவம் ஒரு காரணமானது.

ஏன் யாரும் புகார் கொடுக்கவில்லை? ஒவ்வொருவரும் தன் நஷ்டத்தைத் தானே 'போக்கெழுதி' விட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. வராத கடனைப் போக்கெழுதுவது மாதிரி. ஒரு மதர்போர்டு, ஒரு நாள் வேலை, கொஞ்சம் திட்டு. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. எல்லாவற்றையும் கூட்டினால்தான் பெரிய தொகை. ஆனால் கூட்ட யாரும் இல்லை.

வைரஸ் எழுதியவர் செய்தது தவறு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அழிந்த போர்டு எழுந்ததா, குப்பைக்குப் போனதா என்பதை முடிவு செய்தது அவர் இல்லை. போர்டை வடிவமைத்தபோதே யாரோ எடுத்த இரண்டு முடிவுகள். ஒன்று, எழுதுவதைத் தடுக்கும் ஜம்பர் வைப்பதா வேண்டாமா? இரண்டு, பயாஸ் சிப்பை சாக்கெட்டில் வைப்பதா, நேரடியாக சால்டர் செய்வதா? சாக்கெட்டில் இருந்த சிப்பை ஒரு நண்பனும் ஒரு ஃபிளாப்பியும் சேர்ந்து காப்பாற்றிவிடலாம். சால்டர் செய்த சிப்புக்கு நல்ல கருவியும் பழகிய கையும் வேண்டும். அது இல்லாத ஊரில் போர்டுக்கு மரணம்தான்.

லட்சம் போர்டு தயாரிப்பவருக்கு சாக்கெட்டை விட்டால் மிச்சம். அது அவர் கணக்கில் லாபமாகத் தெரியும். வருஷம் கழித்து யாரோ ஒருவர் முழு போர்டுக்குக் கொடுக்கும் பணம் அவர் கணக்கில் வராது. சொல்லப்போனால் வேறு விதமாக வரலாம், புதிய போர்டின் விற்பனையாக! செலவு மறைந்து போகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைக்கு

இப்போது பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ வந்துவிட்டது. 32 கால் சிப் போய் 8 கால் சிப் வந்துவிட்டது. அளவு 16, 32 மெகாபைட் என்று வளர்ந்துவிட்டது. லேப்டாப்புகளில் அதை நேராக போர்டில் சால்டர் செய்துவிடுகிறார்கள். ஆனால் நல்ல செய்தியும் உண்டு. சிஎச்341ஏ என்ற மலிவான யூஎஸ்பி புரோகிராமரையும், சிப்பின் மேல் கவ்விக்கொள்ளும் ஒரு கிளிப்பையும் வைத்துக்கொண்டு, பல போர்டுகளில் சிப்பைக் கழற்றாமலேயே எழுதிவிடுகிறார்கள். பேட்டரியும் சார்ஜரும் கழற்றியிருக்க வேண்டும். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று அதன் எண்ணை வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதலில், கெட்டுப்போனதாக இருந்தாலும் உள்ளே இருப்பதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சேமித்து வைக்க வேண்டும். அந்த மெஷினின் சீரியல் நம்பர், சிலவற்றில் விண்டோஸ் சாவி கூட அதற்குள்தான் இருக்கும். வேறொரு லேப்டாப்பின் பிரதியை அப்படியே எழுதினால் போர்டு எழுந்திருக்கலாம், ஆனால் இன்னொருவருடைய பெயரோடு எழுந்திருக்கும்.

சில டெஸ்க்டாப் போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப்புகளே வைக்கிறார்கள். ஒன்று கெட்டால் மற்றது எழுப்பும். இன்னும் சிலவற்றில் ஒரு பட்டன். பென் டிரைவைச் செருகி அழுத்தினால், பிராசசரே இல்லாவிட்டாலும் பயாஸ் எழுதப்பட்டுவிடும். ஆக, செய்ய முடியாத காரியம் எதுவும் இல்லை. செய்ய வேண்டும் என்று யாராவது முதலிலேயே நினைக்க வேண்டும்.

கறுப்புத் திரையும் சுற்றும் ஃபேனுமாக ஒரு கம்ப்யூட்டர் வந்து நின்றால், "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பயாஸ் சிப்பை எடுத்துப் பார்த்தீங்களா?"

செத்துப்போனதற்கும் மறந்துபோனதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மறந்துபோனதைத் திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம்.